குட்டி நாயும் குற்றவாளிக் கூண்டும்

கடந்த மாதம் ஒரு மாலைப்பொழுதில் நண்பர் ஒருவர் என் வீட்டுப் படலையைத் திறந்துகொண்டு வந்தார். என்னிலும் இருபது வயது இளையவர். படித்தவர், பொறுப்பான உத்தியோகத்தில் இருப்பவர், கோயில் நிர்வாக சபையிலும் ஓர் அங்கத்தவர். விறாந்தைக் கதிரையில் அமர்ந்து, கொடுத்த தேநீரில் ஒரு வாய் குடிக்கும் முன்னரே, "அண்ணை, இந்தச் சனியனை எங்கையாவது குடுக்கவேணும். உங்களுக்குத் தெரிஞ்ச ஆக்கள் ஆரும் இருக்கினமோ?" என்று கேட்டார்.

சனியன் என்று அவர் குறிப்பிட்டது, தம் பிள்ளையின் பிறந்தநாளுக்காக அவரே விரும்பி வாங்கிவந்த நாய்க்குட்டியை. அது வீட்டுக்கு வந்து மூன்று வாரங்களே ஆகியிருந்தன. முதல் நாள் அதன் கழுத்தில் சிவப்பு நாடா கட்டி, பிள்ளைகளின் மடியில் வைத்துப் படமெடுத்து முகநூலில் இட்டிருந்தார். நானும் அதைப் பார்த்து விருப்பம் தெரிவித்தவர்களில் ஒருவன். மூன்று வாரங்களுக்குள் செல்லம் எப்படிச் சனியனாயிற்று என்று கேட்டேன். நான்கு குற்றச்சாட்டுகளை அடுக்கினார். ஒன்று, இரவு முழுவதும் அழுது எவரையும் தூங்கவிடுவதில்லை. இரண்டு, வீட்டுக்குள் கண்ட இடமெல்லாம் சலம் கழிக்கிறது. மூன்று, பிள்ளைகளின் கையையும் காலையும் கடிக்கிறது. நான்கு, அலுவலகத்துக்கு அணியும் அவருடைய புதுச் சப்பாத்தைக் குதறிவிட்டது.

நான் சட்டத்தரணி அல்லன். ஆனால் செய்தியாளனாக இருந்த நாற்பது ஆண்டுகளில் நீதிமன்ற வாங்குகளில் அமர்ந்து எத்தனையோ குற்றப்பத்திரங்கள் வாசிக்கப்படுவதைக் கேட்டிருக்கிறேன். கூண்டில் நிற்பவருக்காகப் பேச ஆளில்லாவிட்டால் வழக்கு எவ்வளவு விரைவாக முடியும் என்பதை அறிவேன். நம் ஊர்களில் சாக்கிலும் பெட்டியிலும் இட்டுச் சந்தைகளிலும் கோயில் வீதிகளிலும் கொண்டுபோய் விடப்படும் குட்டிகளிற் பல இந்த நான்கு குற்றங்களுக்காகவே தண்டிக்கப்படுகின்றன. எஞ்சியவை பெட்டையாகப் பிறந்த ஐந்தாவது குற்றத்துக்காகத் தண்டிக்கப்படுகின்றன. ஆகவே இந்த வழக்கைச் சற்று விரிவாக விசாரிப்பதில் தவறில்லை.

நண்பர் பேசிக்கொண்டிருந்த வேளையில் கறுப்பி என் காலடியில் படுத்திருந்தாள். நான்கு மாதக் குட்டி. எங்கள் ஒழுங்கை முடிவிலுள்ள வைரவர் கோயில் கிணற்றடியில் ஒரு விடியற்காலையில், பால்மாப் பெட்டி ஒன்றினுள் மூன்று பெட்டைக் குட்டிகள் கிடந்தன. ஒன்று அப்போதே இறந்து எறும்பு மொய்த்திருந்தது. மற்றொன்று மறுநாள் இறந்தது. எஞ்சியவள் கறுப்பி. வைரவருக்கு வடைமாலை சாத்தி வணங்குகிற ஊர் இது. அவருடைய வாகனம் நாய் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அந்த வாகனத்தின் குஞ்சுகளைப் பெட்டியில் அடைத்து அவருடைய சந்நிதியிலேயே வைத்துவிட்டுப் போக இவ்வூரவர் எவருக்கோ கை கூசவில்லை. இந்த முதுமையில் மறுபடியும் ஒரு நாய்க்குட்டியை வளர்க்கும் எண்ணம் எனக்கு இருந்ததில்லை. ஆனால் வந்துவிட்டாள். ஆதலால் நண்பர் சொன்ன நான்கு தொல்லைகளையும் நானும் அனுபவித்தவன் என்ற தகுதியோடுதான் எழுதுகிறேன்.

முதலாவது குற்றச்சாட்டு, இரவில் அழுவது. நண்பரிடம் நான் கேட்ட முதற்கேள்வி, "தம்பி, நீர் கொண்டுவரேக்கை அதுக்கு எத்தினை நாள்?" என்பதே. "ஒரு மாசம் வரும்" என்றார். ஒரு மாதம்! நாய்க்குட்டிக்குக் கண் திறப்பதற்கே பத்துப் பதினான்கு நாட்கள் ஆகின்றன. ஒரு மாதத்தில் அது தாயின் பாலை முற்றாக மறந்திருப்பதுகூட இல்லை. எட்டு வாரமாவது தாயோடும் கூடப்பிறந்தவற்றோடும் இருக்கவேண்டிய குட்டி அது. பிறந்த நாள் முதல் ஐந்தாறு உடல்களின் சூட்டில் ஒட்டிக்கிடந்த ஓர் உயிரைப் பிரித்தெடுத்து, குசினிக்குப் பின்னால் சீமெந்து நிலத்தில் சங்கிலியில் கட்டி, விளக்கை அணைத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டால் அது அழாமல் என்ன செய்யும்? கறுப்பியும் அழுதாள். கட்டிலருகே ஒரு பெட்டியில் பழைய சாரத்தை மடித்துப் போட்டு அவளைப் படுக்கவைத்தேன். அழும்போது கையைக் கீழே தொங்கவிட்டேன். மூன்றாவது இரவே அழுகை குறைந்தது; ஒரு வாரத்தில் நின்றது.

இரண்டாவது, சலம். மிகச் சிறிய குட்டியால் அடக்கிவைக்க முடியாது. எத்தனை மாத வயதோ, பகலில் ஏறத்தாழ அத்தனை மணித்தியாலந்தான் அடக்கும் என்பது வளர்ப்போர் கையாளும் பொதுக்கணக்கு. இரண்டு மாதக் குட்டிக்கு இரண்டு மணித்தியாலம். தூங்கி எழுந்ததும், தின்று முடித்ததும், விளையாடி ஓய்ந்ததும் அது போயே தீரும். அந்த வேளைகளில் வளவுக்குத் தூக்கிச்சென்று ஒரே இடத்தில் விட்டு, போன கையோடு தலையைத் தடவி நல்ல வார்த்தை சொல்வதுதான் பயிற்சி. இரவில் ஒருமுறையாவது எழும்பவேண்டும். எனக்கு இந்த வயதில் எப்படியும் இரண்டு முறை எழும்பவேண்டியிருப்பதால், அந்த விடயத்தில் நானும் கறுப்பியும் ஒத்துப்போய்விட்டோம். வீட்டுக்குள் பழைய பத்திரிகைகளை விரித்தேன். நாற்பது ஆண்டு எழுதியதில் இவ்வளவு உடனடியாகப் பயன்பட்டது வேறெதுவுமில்லை என்று என் துணைவியார் சொன்னதை மறுக்க என்னிடம் ஆதாரமில்லை.

நம்மவர் செய்வதோ வேறு. காலையில் காய்ந்துபோன சலத்தைக் கண்டதும் குட்டியின் கழுத்தைப் பிடித்து அதன் மூக்கை அதிலே தேய்க்கிறார்கள். பின்னர் ஈர்க்கால் அடிக்கிறார்கள். அந்தக் குட்டி தான் எப்போதோ செய்ததையும் இப்போது விழும் அடியையும் இணைத்து அறிவதில்லை. அந்தக் கையைக் கண்டால் வலிக்கும் என்பதை மட்டும் அறிகிறது. அடுத்த முறை கட்டிலுக்கு அடியில் ஒளித்துப் போகிறது. "கள்ளப் புத்தி" என்று அதற்கும் ஒரு பெயர் சூட்டுகிறோம்.

மூன்றாவது, கடி. இது சற்றுப் பாரதூரமான குற்றச்சாட்டு. குட்டிகள் ஒன்றோடொன்று கடித்து விளையாடும்போது ஒன்று அளவுக்கு மிஞ்சிக் கடித்தால் மற்றது வீரிட்டு விளையாட்டை நிறுத்திவிடும். எவ்வளவு கடிக்கலாம், எங்கே நிறுத்தவேண்டும் என்ற பாடத்தைக் குட்டி அப்படித்தான் கற்கிறது. தாயும் உறுமிக் கற்பிக்கிறது. இந்தப் பள்ளிக்கூடம் ஐந்தாம் வாரம் முதல் எட்டாம் வாரம் வரை மிகத் தீவிரமாக நடக்கும். நண்பர் குட்டியைக் கொண்டுவந்தது பாடம் தொடங்கும் முன்னர். பள்ளிக்கூடத்தில் இருந்து பிள்ளையைப் பிடுங்கி வந்தவர், பிள்ளைக்கு எழுதத் தெரியவில்லை என்று முறையிடுவது போன்றதே இது. இனி அந்தப் பாடத்தை வீட்டாரே கற்பிக்கவேண்டும். பல் அழுந்தியதும் விளையாட்டை நிறுத்தி, எழுந்து போய்விடவேண்டும். கைக்குப் பதிலாகக் கடிக்கத் துணியொன்றைக் கொடுக்கவேண்டும். கறுப்பிக்கு இது விளங்க ஆறு வாரம் சென்றது. என் முன்கைகளில் அதற்கான கீறல்கள் இன்னும் ஆறவில்லை.

நான்காவது, சப்பாத்து. குட்டி உலகத்தை வாயால்தான் அறிகிறது. அதற்கு முளைக்கும் பாற்பற்கள் 28. மூன்று நான்கு மாதத்தில் அவை விழத்தொடங்கி, ஏழு மாதமளவில் 42 நிலையான பற்கள் வந்துவிடுகின்றன. முரசு ஊறும் அந்தக் காலம் முழுவதும் எதையாவது கடித்தாகவேண்டும். ஈரத்துணியை முறுக்கிக் குளிரூட்டியில் வைத்துக் கொடுத்தால் போதும். சப்பாத்தை எட்டாத உயரத்தில் வைப்பது குட்டியின் கடமை அல்ல, சப்பாத்துக்காரரின் கடமை.

நான்கு குற்றச்சாட்டுகளும் இப்படி விழுந்துவிடுகின்றன. இனி உண்மையான குற்றத்துக்கு வருவோம். அதற்கு எதிரிகள் வேறு.

"நாய் விற்ற காசு குரைக்காது" என்று ஒரு பழமொழி நம்மிடம் உண்டு. அதை வேதவாக்காகக் கொண்டவர்கள் குட்டி விற்பவர்கள். குட்டி வளரவளரத் தீன்செலவு கூடும், அழகு குறையும் என்று அவசரப்பட்டு நாலாம் வாரத்தில் கைமாற்றுகிறார்கள். வாங்குபவர்களும் "சின்னனிலை எடுத்தால்தான் எங்களோடை ஒட்டும்" என்று சொல்லிக்கொள்கிறார்கள். வீட்டுக்கு வந்ததும் பால்மா கரைத்து ஊற்றுகிறார்கள். பெட்டை நாயின் பாலில் கொழுப்பும் புரதமும் பசுப்பாலிலும் அதிகம், பாற்சர்க்கரையோ குறைவு. மாப்பால் பல குட்டிகளுக்குச் செரிக்காது, வயிற்றோட்டம் பிடிக்கும். அந்த அசுத்தமும் குட்டியின் குற்றப்பத்திரத்திலேயே சேர்க்கப்படுகிறது. குட்டிகள் தாயிடமிருந்தே வயிற்றுப் புழுக்களோடு வருகின்றன என்பதையும், அப்புழுக்களிற் சில நம் பிள்ளைகளுக்கும் தொற்றக்கூடியவை என்பதையும் யோசிப்பவர் குறைவு. இரண்டு வார வயதிலிருந்தே பூச்சி மருந்து கொடுக்கத் தொடங்கவேண்டும்.

அடுத்தது தடுப்பூசி. 1978இல் உலகின் பல நாடுகளில் நாய்களிடையே புதியதொரு வைரசு கண்டறியப்பட்டது. பார்வோ என்று அதற்குப் பெயர். இரத்தக் கழிச்சலோடு இரண்டு மூன்று நாட்களில் குட்டியைக் கொன்றுவிடக்கூடியது. மண்ணில் பல மாதங்கள் உயிர்த்திருக்கும். "எங்கடை வளவிலை நாய் தங்காது, ராசியில்லை" என்று சொல்பவர்களின் வளவில் இருப்பது பெரும்பாலும் சனி அல்ல, இந்த வைரசுதான். இதற்கான ஊசியை ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, பதினாறு வாரம் வரை சில வார இடைவெளிகளில் திரும்பத்திரும்பப் போடவேண்டும். தாயிடமிருந்து பெற்ற எதிர்ப்புச்சக்தி இருக்கும்வரை ஊசி பிடிக்காமற் போகலாம் என்பதே காரணம். "ஒரு ஊசி போட்டனான், பிறகும் செத்துப்போச்சு" என்று மிருக வைத்தியரைத் திட்டுவோர் இதைக் கவனிக்கவேண்டும்.

எல்லாவற்றிலும் பெரிய தவறு மற்றொன்று. அமெரிக்காவின் மேய்ன் மாநிலத்தில் பல ஆண்டுகள் நாய்களை ஆராய்ந்த ஸ்கொட், ஃபுல்லர் என்ற இருவர் 1965இல் வெளியிட்ட நூலில், குட்டி ஒன்று மனிதரோடும் உலகத்தோடும் உறவு பழகும் காலம் ஏறத்தாழ மூன்றாம் வாரத்திலிருந்து பன்னிரண்டாம் வாரம் வரை என்று காட்டினார்கள். இன்றும் மிருக வைத்தியர்கள் அந்தக் கணக்கையே ஒட்டிப் பேசுகிறார்கள். அந்தச் சில வாரங்களில் கண்டவை குட்டிக்கு வாழ்நாள் முழுதும் அச்சமற்றவை, காணாதவை அச்சத்துக்குரியவை. நாமோ அந்த வாரங்களில் குட்டியைப் பின்வளவு முருங்கையில் கட்டிவைக்கிறோம். சைக்கிளைக் கண்டதில்லை, தபாற்காரரைக் கண்டதில்லை, சீருடைப் பிள்ளைகளைக் கண்டதில்லை. ஆறு மாதம் கழித்து எல்லாரையும் கண்டு வெருண்டு பாய்கிறது. "நல்ல காவல் நாய்" என்று பெருமைப்படுகிறோம். பயந்த நாய்தான் கடிக்கும் நாய் என்பது நமக்கு விளங்குவதற்குள் யாரோ ஒருவரின் கெண்டைக்கால் கிழிந்துவிடுகிறது.

இதை நான் மேடையில் ஏறி நின்று சொல்லவில்லை. எண்பதுகளின் நடுப்பகுதியில் எங்கள் வீட்டில் வீமன் என்றொரு குட்டி இருந்தது. வீட்டுக்குள் சலம் விட்டதற்காக, சுருட்டிய பத்திரிகையால் நானே அதை அடித்தேன். என் பெயரோடு கட்டுரை வெளிவந்த பத்திரிகை. பின்னர் மாமரத்தடியில் சங்கிலியிற் கட்டினேன். வீமன் வளர்ந்து, ஊரே அஞ்சும் நாயாயிற்று. நானும் பெருமைப்பட்டேன். ஒரு நாள் சங்கிலி அறுந்து அயல்வீட்டு ஐந்து வயதுப் பிள்ளையைக் கடித்தது. அந்நாளில் வயிற்றில் போடப்பட்ட ஊசிகளை அந்தப் பிள்ளை தாங்கிய வேதனையை ஆசுபத்திரியில் அருகிருந்து பார்த்தேன். வீமனுக்குச் சுருக்கு விழுந்தது. "விசர் நாய்" என்று ஊரவர் சொன்னார்கள். வீமனுக்கு விசர் இல்லை. அதை அப்படி ஆக்கியவன் கையில் பத்திரிகையோடு நின்ற நான். அதை எந்தப் பத்திரிகையிலும் நான் எழுதவில்லை, இன்றுதான் எழுதுகிறேன்.

விசர் என்ற சொல் வந்துவிட்டதால் அதையும் சொல்லிவிடவேண்டும். 1973இல் இலங்கையில் 377 பேர் நீர்வெறுப்பு நோயால் இறந்ததாகப் பதிவு உண்டு. நாய்களுக்குத் தடுப்பூசி ஏற்றியும், கடிபட்டவர்களுக்கு அரச மருத்துவமனைகளில் இலவசமாக மருந்து கொடுத்தும் அந்தத் தொகையைச் சில பத்துகளாகக் குறைத்திருக்கிறோம். இந்நாட்டின் பொதுச் சுகாதாரத் துறை பெருமைப்படக்கூடிய சாதனைகளில் ஒன்று இது. ஆயினும் நோய்க்குறி தோன்றியபின் காப்பாற்ற வழியில்லாத நோய் அது. குட்டிகளுக்கும் அது வரும். "சின்னக் குட்டிதானே கீறினது" என்று பேசாமல் இருந்தவர்களும் இறந்திருக்கிறார்கள். கடித்த இடத்தைச் சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு மருத்துவமனைக்குப் போகவேண்டும். ஊசி போடப்படாமல் சந்தையில் இறக்கிவிடப்படும் ஒவ்வொரு குட்டியும், தப்பிப் பிழைத்தால், அந்தச் சந்தைக்கு வரும் பிள்ளைகளுக்கு நாம் வைத்துவிட்டுப் போகும் ஆபத்து.

தெருநாய்த் தொல்லை பற்றிப் பத்திரிகைக்குக் கடிதம் எழுதுவோரை நாற்பது ஆண்டுகளாக அறிவேன். "மாநகர சபை உறங்குகிறதா? பிரதேச சபை என்ன செய்கிறது?" என்றே கடிதங்கள் தொடங்கும். சபைகள் உறங்குவதுண்டு என்பதை நான் மறுக்கவில்லை. நாய்களைப் பிடித்துக் கொல்லும் வழக்கத்தை அரசாங்கம் 2006இல் நிறுத்தியது. அதற்குப் பதிலாகக் கருத்தடைச் சத்திரசிகிச்சையும் தடுப்பூசியும் தொடர்ச்சியாக நடந்தாகவேண்டும். எங்கள் பக்கத்தில் அவை மழைக்கால ஆறு போல ஓரிரு மாதம் ஓடி நின்றுவிடுகின்றன. ஆனால் கடிதம் எழுதும் கனவான்கள் தம் வீட்டு நாயைப் பதிந்திருக்கிறார்களா? விசர்நாய்க்கடிக் கட்டளைச்சட்டம் 1893இலும், நாய்கள் பதிவுக் கட்டளைச்சட்டம் 1901இலும், மிருகவதைத் தடுப்புக் கட்டளைச்சட்டம் 1907இலும் இந்நாட்டில் இயற்றப்பட்டவை. நூற்றாண்டு கடந்த சட்டங்கள் அலுமாரியில் இருக்கின்றன. தெருவில் அலையும் நாய்களிற் பல ஏதோ ஒரு வீட்டின் விறாந்தையில் சிவப்பு நாடாவோடு தொடங்கியவை, அல்லது அவற்றின் வழிவந்தவை.

ஐந்தாவது குற்றமாகிய பெண்பிறப்புக்கும் இதுவே பதில். நாயின் கர்ப்பகாலம் ஏறத்தாழ 63 நாட்கள். "பெட்டையெண்டால் குட்டி போட்டுத் தள்ளும்" என்று அஞ்சுவோர், உரிய வயதில் ஒரு சத்திரசிகிச்சையோடு அந்த அச்சத்தை முடித்துவிடலாம். கறுப்பிக்கு ஆறு மாதமாகும்போது செய்யலாம் என்று எங்கள் மிருக வைத்தியர் நாள் குறித்திருக்கிறார். அதைச் செய்யாமல், பிறந்த குட்டிகளைப் பெட்டியில் வைத்து வைரவரிடம் ஒப்படைப்பது பக்தி அல்ல.

"மனிசருக்கே வழியில்லாத நாட்டிலை நாய்க்கு ஊசியும் சத்திரசிகிச்சையுமோ?" என்று சிலர் கேட்பார்கள். 2022இன் வரிசைகளில் நின்றவன் நான். பால்மாவின் விலையும் மருந்தின் விலையும் எனக்கும் தெரியும். கேள்வி நியாயமானது. ஆனால் அது நாயை வாங்குவதற்கு முன்னர் கேட்கவேண்டிய கேள்வி. வளர்க்க வசதியில்லாதவர் வளர்க்காமல் இருப்பதில் எந்த இழிவும் இல்லை. குட்டிக்கு விலை கொடுக்கவும், கேக் வெட்டவும், படம் எடுக்கவும் இருந்த பணம், ஊசிக்கு மட்டும் இல்லாமற் போவதையே நான் ஏற்கமாட்டேன்.

1995 ஒக்டோபர் 30இல் வலிகாமத்தை விட்டு இலட்சக்கணக்கானோர் கால்நடையாக வெளியேறியபோது நாய்களை விட்டுவிட்டுத்தான் போனோம். பலர் போகும்போது சங்கிலியைக் கழற்றிவிட்டுப் போனார்கள். பானையில் இருந்த சோற்றை முற்றத்தில் கொட்டிவிட்டுப் போனவர்களும் உண்டு. படலை வரை வந்து நின்ற நாயைப் பற்றி இன்றும் கண்கலங்கிப் பேசுகிற முதியவர்களை அறிவேன். உயிரைக் கையிற் பிடித்துக்கொண்டு ஓடிய அந்த இரவிலும் நமக்கு நெஞ்சு உறுத்தியது. இப்போது யாரும் துரத்தாத அமைதியான மாலையில், மோட்டார் சைக்கிளின் முன்னால் சாக்கைத் தொங்கவிட்டுக்கொண்டு போய், பாலத்துக்கு அப்பால் இறக்கிவிட்டு வருகிறோம்.

இவ்வளவையும் நண்பரிடம் அன்று சொல்லவில்லை, பாதியைத்தான் சொன்னேன். "இன்னும் ரெண்டு மாசம் பொறும் தம்பி. இரவிலை பக்கத்திலை படுக்கவிடும். ஊசிக்கு நானும் கூட வாறன்" என்றேன். யோசிப்பதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த வாரம் அவர் வீட்டைக் கடந்தபோது இறங்கிப் பார்த்தேன். பின்வளவில் சங்கிலி மட்டும் கிடந்தது. "ஒரு நல்ல ஆளிட்டைக் குடுத்திட்டன் அண்ணை" என்றார். எந்த ஊர் ஆள் என்று கேட்டேன். அந்தப் பக்கம் என்று கையைக் காட்டினார். பெயர் கேட்டேன். "பேர் ஞாபகமில்லை" என்றார். பெயர் குறிப்பிட விரும்பாத வட்டாரங்களை ஆதாரமாக வைத்து நானும் என் காலத்தில் எத்தனையோ செய்திகள் எழுதியவன். அத்தகைய வட்டாரங்களிற் பல உண்மையில் எங்கே இருந்தன என்பதும் எனக்குத் தெரியும்.

மறுநாள் காலையில் அவர் கைகாட்டிய பக்கத்துச் சந்தைக்குப் போனேன். மீன் கடைகளுக்குப் பின்னால் ஐந்தாறு குட்டிகள் நின்றன. நாடா கட்டிய குட்டி எதுவும் இல்லை. கடைக்காரப் பெண்ணிடம் விசாரித்தேன். "ஒவ்வொரு கிழமையும் ஆரோ கொண்டுவந்து விடுகினம் ஐயா. நான் எதையெண்டு பாக்கிறது?" என்றார்.